32 ஓம் ஹெட்போன், பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: குடம் மட்டும் இடிக்கிறது, ஏன்?

கருங்கல் வாத்தியார்

வணக்கம். நான் வரலாறு நடத்துகிறவன். மின்சாரத்தில் எனக்குத் தெரிந்தது ஃப்யூஸ் கட்டுவது வரைதான். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. 1988இல் என் தாய்மாமன் தம்மாமிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக அம்மா சொல்வாள். ஏழு கிலோவுக்கு மேல் எடை உள்ள பெட்டியை விமானத்தில் யார் மடியில் வைத்துக்கொண்டு வர முடியும் என்று நான் கேட்டதில்லை. பின்பக்கம் '30 வாட், 8 ஓம்' என்று அச்சிட்டிருக்கிறது. முன்பக்கம் கால் அங்குல ஹெட்போன் ஜாக். முப்பது ஆண்டுகளாக அந்த ஜாக்கில் யாரும் எதையும் செருகியதில்லை.

இப்போது செருக வேண்டிய நிலை. அம்மா படுக்கையில் இருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்பீக்கர் பாடினால் அவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும். எனக்கோ அந்த நேரத்தில்தான் ஓய்வு. அப்பா கோயில் கொடை விழாக்களுக்குப் போய்ப் பதிவு செய்துவைத்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. மகன் பெங்களூரிலிருந்து ஒரு ஹெட்போன் வாங்கி அனுப்பினான். காதை முழுவதும் மூடும் வகை. அட்டைப்பெட்டியில் 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல், அதிகபட்சம் 200 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது.

செருகிக் கேட்டேன். வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடிக்கும் குடம் மட்டும் நெஞ்சை இடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு 'ம்ம்ம்' நீள்கிறது. வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் கலீரென்று கேட்க வேண்டுமே, அது எங்கோ போர்வைக்குள் கேட்கிறது. தலைமைப் பாடகரான அண்ணாவி பாடுவது குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல் இருக்கிறது. அதே ஹெட்போனைக் கைப்பேசியில் மாட்டினால் எல்லாம் தெளிவு. ஆக ஹெட்போன் மேல் குற்றமில்லை.

நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரித்தேன். "ஆம்ப் 8 ஓம், ஹெட்போன் 32 ஓம், பொருந்தவில்லை. முன்பக்க ஜாக் வெறும் அலங்காரம். பின்னால் ஸ்பீக்கர் முனைகளில் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், பிரமாதமாக இருக்கும்" என்றார்கள். அதற்கென்று ஒரு சாக்கெட்டும் வயரும் என்னிடம் விற்றும்விட்டார்கள். வாங்கி வந்து மூன்று நாள் ஆகிறது. கை வரவில்லை.

கொடுக்கலாமா? ஹெட்போன் எரியுமா, ஆம்ப் எரியுமா? இந்த ஓம் கணக்கை எப்படிப் பொருத்துவது?

குளச்சல் இளவட்டம்

சார், தைரியமாகக் கொடுங்கள். என்னிடம் ஒரு சின்ன புளூடூத் ஆம்ப் போர்டு இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் முனையில்தான் ஒரு வருடமாக ஹெட்போன் கேட்கிறேன். வால்யூமைக் குறைத்து வைத்தால் ஒன்றும் ஆகாது.

தக்கலை மைக்செட்

சார், கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நான் நாற்பது ஆண்டு மைக்செட் வைத்து நடத்தியவன். இப்போது மகன் நடத்துகிறான், நான் திண்ணையில் உட்கார்ந்து பழுது மட்டும் பார்க்கிறேன். உங்கள் பெட்டியின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 30 வாட்டை 8 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 15.5 வோல்ட். முழு வால்யூமில் ஸ்பீக்கர் முனையில் நிற்பது அதுதான். அந்த 15.5 வோல்ட் 32 ஓம் ஹெட்போனில் பாய்ந்தால் 7.5 வாட் ஆகிறது. உங்கள் ஹெட்போன் தாங்குவது 0.2 வாட். முப்பத்தேழு மடங்கு! உள்ளே இருக்கும் சுருள் முடிபோல் மெல்லிய கம்பி, சார். அது போகும் முன் உங்கள் காது போய்விடும்.

வால்யூமைக் குறைத்து வைத்தால் போதாதா என்கிறார் தம்பி. போதும்தான். பேரன் வந்து குமிழைத் திருகும் வரை போதும். கேசட் டெக்கின் வயரை யாராவது பிடுங்கி 'டமார்' என்று வரும் வரை போதும்.

அடுத்து அந்த 8 ஓம். அது ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் இம்பிடன்ஸ், அதாவது ஏசி மின்சாரத்துக்குக் காட்டும் தடை, அல்ல. 'எனக்கு இவ்வளவு பாரமுள்ள ஸ்பீக்கரை மாட்டு' என்று அது நம்மிடம் கேட்டுக்கொள்வது. ஓம் குறையக் குறையத்தான் ஆம்புக்குப் பாரம். 32 ஓம் என்பது அதற்குப் பஞ்சுமூட்டை. ஆகவே ஆம்ப் எரியும் என்ற பயம் வேண்டாம்.

முன்பக்க ஜாக் அலங்காரமும் அல்ல. அந்தக் காலப் பெட்டிகளில் ஸ்பீக்கருக்குப் போகும் அதே வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்குக் கொண்டுவருவார்கள். நான் திறந்து பார்த்தவற்றில் 220, 330, 470 ஓம் எல்லாம் உண்டு. 330 என்று வைத்துக்கொண்டால் முழு வால்யூமிலும் உங்கள் ஹெட்போனுக்குப் போவது 59 மில்லிவாட்தான். ஹெட்போன் பிழைக்கும். அந்த ரெசிஸ்டர் வாசற்காவல்காரன், சார். அவனைத் தாண்டிக் கொல்லைப்புறம் வழியாகப் போகச் சொல்கிறார் கடைக்காரர்.

நான் ஒருமுறை அப்படிப் போய்ப் பட்டவன். ஒரு கொடைக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓட நானே ஒரு பெட்டி செய்தேன். உள்ளே 4440 ஐசி போர்டுகள், பிரிட்ஜ் இணைப்பு. கூட்டத்துக்கு நடுவே எந்த மைக் எப்படிக் கேட்கிறது என்று தனியாகக் கேட்க ஹெட்போன் ஜாக் ஒன்றைத் தகரப் பெட்டியில் பொருத்தி, ஸ்பீக்கர் முனையிலிருந்து வயர் இழுத்தேன். பிரிட்ஜ் இணைப்பில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிருள்ளவை, இரண்டிலும் 6 வோல்ட் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். ஜாக்கின் வெளி உலோகம் தகரத்தைத் தொட்டது, தகரம் பேட்டரி மைனஸைத் தொட்டது. ஹெட்போனில் பாட்டே இல்லாமல் ஒரு வாட்டுக்கு மேல் நின்று எரிந்தது. ஐசியும் போனது. உடுக்கை உச்சத்தில் இருக்கும்போது மைக்செட் ஊமையானால் கொடை விழாக் கமிட்டி என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குளச்சல் தம்பியின் போர்டும் பிரிட்ஜ் வகையாகத்தான் இருக்கும். அது எப்படிப் பிழைத்தது என்பதை அவரே சொல்லட்டும்.

சத்தம் ஏன் குழம்புகிறது என்பதற்கு என் எண்ணம்: இம்பிடன்ஸ் இரண்டும் சமமாக இல்லை. எங்கள் காலத்தில் ஹாரனுக்கு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போடுவோம். அதுபோல ஜாக்கிலும் 32 ஓம் வரும்படி செய்தால் சரியாகும்.

குளச்சல் இளவட்டம்

இரண்டு காதுக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு வயர் இழுத்திருக்கிறேன், ஐயா. நான்கு வயர். அதனால்தானோ?

தக்கலை மைக்செட்

அதனாலேதான். சாதாரண ஹெட்போன் பின்னில் மூன்று வளையம்தான். இடது காதுக்கும் வலது காதுக்கும் மைனஸ் ஒன்றே. உங்கள் போர்டில் அதை மாட்டியிருந்தால் இரண்டு பக்க மைனஸும் ஒன்றையொன்று கடித்திருக்கும். தெரியாமல் செய்த நல்ல காரியம். அதை அடுத்தவருக்கு அறிவுரையாகச் சொல்லாதீர்கள்.

பார்வதிபுரம் சுற்றுப்பலகை

நான் மின்னணுப் பொறியாளர், வீட்டிலிருந்தே வேலை. ஐயா சொன்ன பாதுகாப்புக் கணக்கு முழுவதும் சரி. கடைசிப் பத்தியோடு மட்டும் சண்டை.

ஹெட்போனில் சமமாகப் பொருத்துவது நமக்கு வேண்டியதில்லை. ஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் ஹெட்போனுடையதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே என்பது கைக்கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம்.

காரணம், ஹெட்போனின் 32 ஓம் என்பது பெயரளவுக்குத்தான். ஹெட்போனுக்குள் ஆடி ஒலி எழுப்பும் சவ்வு தன் இயல்பான அதிர்வெண்ணில், பெரும்பாலும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம், தானாக ஆட விரும்பும். அந்த இடத்தில் இம்பிடன்ஸ் 60 ஓமுக்கும் ஏறலாம். முன்னால் 330 ஓம் நின்றால் ரெசிஸ்டரும் ஹெட்போனும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 32 ஓமாக இருக்கும் சுருதிகளுக்கு ஒரு பங்கு, 60 ஓமாக இருக்கும் சுருதிக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. வித்தியாசம் 4.8 டெசிபல். வாத்தியார் கேட்கும் குடத்தின் இடி அதுதான். ஐயா சொன்னபடி 32க்கு 32 என்று சமமாக வைத்தால்கூட 2.3 டெசிபல் ஏறும். 4 ஓம் என்றால் அரை டெசிபலுக்குள் அடங்கிவிடும்.

அடிக்குப் பின்னால் நீளும் 'ம்ம்ம்' இதன் இன்னொரு முகம். ஆடும் சுருள் தானே மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் ஆம்ப் வழியாகத் தடையின்றி ஓடினால் ஆட்டம் சட்டென்று அடங்கும். 330 ஓம் குறுக்கே நின்றால் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் முட்டாள்கள் அல்லர். 1996இல் வந்த ஐஇசி 61938 என்னும் பன்னாட்டுத் தரநிலையே ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் வைத்தது. வீட்டு ஹெட்போன்கள் பல 200, 300, 600 ஓம் என்று இருந்த உலகம் அது. பேட்டரியில் ஓடும் சிறு கருவிகள் பெருகிய பிறகு 16, 32 ஓம் ஊரெங்கும் பரவியது. பெட்டி ஒரு காலம், ஹெட்போன் வேறொரு காலம், அவ்வளவுதான்.

சார் கைப்பேசியில் தெளிவாகக் கேட்டதும் அதனால்தான். இன்றைய கைப்பேசிகளிலும், அவற்றில் செருகி ஹெட்போன் மாட்டும் டாங்கிள்களிலும் வெளியீட்டு இம்பிடன்ஸ் பெரும்பாலும் ஓரிரு ஓம்தான்.

முட்டம் உப்புக்காற்று

இடையில் ஒரு கேள்வி. என்னிடமும் ஏறத்தாழ அதே வயதுப் பெட்டி. ஹெட்போன் சென்ஹைசர் ஹெச்டி 600, 300 ஓம். நன்றாகவே கேட்கிறதே?

வாத்தியாருக்கு ஒரு தகவல்: முப்பது ஆண்டு சும்மா கிடந்த ஜாக்கில் பச்சை பிடித்திருக்கும். எங்கள் கடற்கரையில் மூன்றே ஆண்டு போதும். பின்னில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு இருபது முறை செருகி எடுங்கள். பெட்டியை அணைத்துவிட்டுத்தான்.

பார்வதிபுரம் சுற்றுப்பலகை

உங்களுடையது 300 ஓம் என்பதால்தான். அந்த ஹெட்போனும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டும். ஆனால் 330 ஓமுக்கு முன்னால் அந்த ஏற்றம் 2 டெசிபல் அளவில் நிற்கிறது. சிலருக்கு அந்த 2 டெசிபல் பிடித்தும் இருக்கிறது, நான் குறுக்கே வரமாட்டேன். மின்தடை எல்லாச் சுருதியிலும் ஒன்றுபோல் இருக்கும் பிளேனர் வகை ஹெட்போன்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, சத்தம் குறைவதோடு சரி. ஆர்மச்சர் என்னும் நுண் ஒலியியக்கிகள் பலவற்றை வைத்த சின்னக் காதொலிப்பான்களுக்குத்தான் தலைகீழ் ஆட்டம்.

வாத்தியார் சார், 330 என்பது நம் ஊகம். அளந்துவிடலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம். மல்டிமீட்டரும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போதும். நிறம் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஏதாவது ஒன்றில் 200 ஹெர்ட்ஸ் வைத்து ஆம்பின் ஆக்ஸ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும். ஹெட்போன் மாட்டாமல், ஜாக்கில் ஏசி 1 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். அப்புறம் அதே முனைகளில் 100 ஓமை இணைத்து மறுபடி படியுங்கள். குறைந்த அளவை இரண்டாவது அளவால் வகுத்து, நூறால் பெருக்கினால் விடை.

அதற்கு முன் டிசி மில்லிவோல்ட்டும் பார்த்துவிடுங்கள். பாட்டு எதுவும் ஓடாதபோது 20க்குள் இருந்தால் நிம்மதி. 50ஐத் தாண்டினால் ஹெட்போன் மாட்ட வேண்டாம்.

தக்கலை மைக்செட்

மக்களே, ஒப்புக்கொள்கிறேன். சமப்படுத்துவது எங்கள் ஹாரன் லைனுக்கும் வால்வ் பெட்டிக்கும் உரிய பாடம். அதை இங்கே கொண்டுவந்து வைத்தது என் பிசகு. (மற்றவர்களுக்கு: எங்கள் பக்கம் மகளையும் மகனையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை.)

ஆனால் நீங்கள் சொன்னது வாத்தியாருக்குப் புரிந்திருக்காது. நான் சொல்கிறேன். சார், பேச்சிப்பாறைச் சானலில் தண்ணீர் நிற்கிறது. உங்கள் வயலுக்கு ஒரு மடை. மடை அகலமாக இருந்தால் வயல் எவ்வளவு குடித்தாலும் வயலில் தண்ணீர் மட்டமும் சானல் மட்டமும் ஒன்றாகவே நிற்கும். மடை நண்டுவளை அளவு என்றால்? வயல் அதிகம் குடிக்கும்போது மட்டம் இறங்கும், குறைவாகக் குடிக்கும்போது ஏறும். ஹெட்போன் குடத்தின் சுருதியில் குறைவாகக் குடிக்கிறது. மட்டம் ஏறுகிறது. உங்கள் 330 ஓம் நண்டுவளை.

கருங்கல் வாத்தியார்

மடை புரிந்தது, அண்ணன். எங்கள் வீட்டில் வயல் விற்று இருபது ஆண்டு ஆனாலும் மடைச் சண்டை நினைவிருக்கிறது.

இன்று காலை அளந்தேன். பக்கத்து வீட்டு ஐடிஐ படிக்கும் பையன் மீட்டர் தந்தான். முதலில் முட்டத்தார் சொன்னபடி ஜாக்கைத் துடைத்தேன், பின் கறுப்பாக வந்தது. டிசி அளவு இடப்பக்கம் 4 மில்லிவோல்ட், வலப்பக்கம் 11. ஏசியில் வெறுமனே 1.00 வோல்ட். 100 ஓமை வைத்ததும் 0.233க்கு விழுந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை பார்த்தேன். தங்கை சொன்ன வகுத்தலைப் போட்டால் 329 வருகிறது. வலப்பக்கமும் அதற்குப் பக்கத்தில்தான்.

அண்ணன் பார்க்காமலே 330 என்றது எப்படி?

இனி என்ன செய்வது? வேறு ஆம்ப் வாங்கச் சொல்லாதீர்கள். மாமனின் பெட்டியை மாற்றினால் அம்மா எழுந்தே உட்கார்ந்துவிடுவாள்.

தக்கலை மைக்செட்

சுண்டல் விற்கிறவனுக்குக் கைப்பிடி எவ்வளவு என்று தெரியாதா, சார்.

வாங்க வேண்டியதில்லை, பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் உள்ளே ஃபில்டர் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும்.

கால் அங்குல ஸ்டீரியோ பின் ஒன்றும், வயரில் தொங்கும் பெண் சாக்கெட் ஒன்றும் வாங்குங்கள். கடைக்காரர் உங்கள் தலையில் கட்டிய சாக்கெட்டே போதும், அதற்கும் ஒரு வேலை கிடைக்கட்டும். இரண்டையும் சாண் நீள வயரால் இணையுங்கள். சாக்கெட்டுக்குள் இடப்பக்க முனைக்கும் மைனஸுக்கும் நடுவே 10 ஓம், வலப்பக்கத்துக்கும் மைனஸுக்கும் நடுவே இன்னொரு 10 ஓம் வைத்துப் பற்றவையுங்கள். அரை வாட் ரெசிஸ்டர் போதும். ஸ்டீரியோ பின்தானா என்று பார்த்து வாங்குங்கள். மோனோ பின் செருகினால் ஒரு பக்கம் மைனஸோடு முட்டும்.

உள்ளே இருக்கும் 330உம் வெளியே நாம் வைக்கும் 10உம் சேர்ந்து ஹெட்போன் கண்ணுக்கு 9.7 ஓமாகத் தெரியும். காவல்காரன் வாசலிலேயே நிற்கிறான், மடையும் அகலமாகிவிட்டது.

பார்வதிபுரம் சுற்றுப்பலகை

ஐயா, அருமை. இது எனக்குத் தோன்றவில்லை, ஸ்பீக்கர் முனையில் பெரிய வாட் ரெசிஸ்டர்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு திருத்தம் மட்டும். 10க்குப் பதில் 4.7 ஓம். மஞ்சள், ஊதா, தங்கம். 10 வைத்தால் குடத்தின் ஏற்றம் ஒரு டெசிபல், 4.7 வைத்தால் அதில் பாதி. இன்னொரு லாபமும் உண்டு. இப்போது முழு வால்யூமில் சாரின் ஹெட்போன் 117 டெசிபலைத் தாண்டும். 10 ஓமில் அது 106 ஆகும், 4.7இல் 100 அல்லது 101. உள்ளே உள்ள ரெசிஸ்டரின் சூட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஆம்புக்கும் 330 ஓமுக்கு மேல்தான் பாரம், அது கவனிக்கவே கவனிக்காது.

100 டெசிபலும் கேட்பதற்கான அளவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். இரவு வேளையில் வில்லுப்பாட்டுக்கு அதற்குக் கீழேயே போதும்.

இன்னொன்று, சார். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் என்கிறீர்கள். பக்கத்து அறையில் அம்மா கூப்பிட்டால்?

தக்கலை மைக்செட்

10 ஓமில் சத்தம் கொஞ்சம் தாராளமாக இருக்கும். பழைய கேசட்டுக்கு அது வேண்டும். சார் இரண்டையும் செய்து பார்க்கட்டும். ரெசிஸ்டர் ஒன்று இரண்டு ரூபாய்தான், கோட்டாறில் ஒரு கிலோ மத்தி வாங்கும் காசா போகிறது.

கருங்கல் வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை வடசேரி போய் எல்லாம் வாங்கினேன். ஐடிஐ பையன் பற்றவைத்தான். முதல் முயற்சியில் சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகி, சொந்தச் செலவில் இன்னொன்று வாங்கி வந்தான். இரண்டு வால்கள் செய்தோம், ஒன்றில் 10, ஒன்றில் 4.7. அளந்ததும் சொல்கிறேன்: முதலாவதில் 9.8, இரண்டாவதில் 5க்குச் சற்றுக் கீழே. வயரும் பற்றவைப்பும் சேர்ந்தால் அவ்வளவு வரும் என்று பையன் சொன்னான்.

இரவு கேட்டேன். வீசுகோல் விழுகிறது, மணி கேட்கிறது. குடம் குடமாக இருக்கிறது: வாயில் மட்டையால் அடிக்கும் 'பொத்' தனி, பக்கத்தில் காசால் தட்டும் 'டிங்' தனி. இந்த 'டிங்' இந்தக் கேசட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. கேசட்டின் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலும் சேர்ந்து தெளிவாகிவிட்டது, அது வேண்டாத தெளிவு.

10க்கும் 4.7க்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணன் வருத்தப்படக் கூடாது, 4.7ஐ வைத்துக்கொண்டேன். முன்பு குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் நகர்த்த முடியாது, இப்போது பதினொரு மணி வரை போகலாம். பேரன் முழுவதும் திருகினாலும் காது பிழைக்கும் என்று தங்கை கணக்குச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டது உறைத்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது வலது காதை மட்டும் மூடிக்கொள்கிறேன், இடது காது கதவுப் பக்கம் திறந்திருக்கிறது. அப்பாவின் பதிவெல்லாம் ஒற்றை மைக்கில் எடுத்தவைதான், இரண்டு பக்கமும் ஒன்றே. நஷ்டமில்லை.

தக்கலை மைக்செட்

வருத்தமில்லை சார். அந்த 10 ஓம் வாலை முட்டத்தாருக்கு அனுப்பிவிடாதீர்கள், 300 ஓம் ஹெட்போனுக்கு அது சத்தத்தை விழுங்கிவிடும்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. மகன் ஊருக்கு வரும்போது இந்த வாலைப் பார்த்து, ஏதோ அடாப்டர் என்று நினைத்துக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ மாட்டுவான். அங்கே 330 ஓம் காவல்காரன் இல்லை. 5 ஓமை நேரே தூக்க வேண்டிவந்தால் அந்தச் சின்ன ஐசி திணறும், சத்தமும் சிதையும். வாலில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கருங்கல் வாத்தியார்

ஒட்டிவிட்டேன். அம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்த வெள்ளை பிளாஸ்டரில் 'மாமன் பெட்டிக்கு மட்டும்' என்று எழுதிச் சுற்றியிருக்கிறேன். ஐடிஐ பையன் கீழே '4.7' என்று சேர்த்துக்கொண்டான்.